சிவப்புப் பக்கம், நீலப் பக்கம்
(காரில் உள்ள ஹீட்டரைத் தெரிந்துகொள்வோம்)

தம்பானூருக்குப் போயிருக்கிறீர்களா? திருவனந்தபுரம் நகரத்தின் நடுவில் இருக்கிறது தம்பானூர். ஒரு பக்கம் ரயில் நிலையம். எதிர்ப்பக்கம் பஸ் நிலையம். களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் போகிற பஸ்கள் இங்கே வந்து நிற்கும். மலையாளமும் தமிழும் கலந்து காதில் விழும்.

ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் இங்கே வாடகைக் கார் பிடிப்பார்கள். சிலர் கோவளம் போவார்கள். சிலர் கன்னியாகுமரி போவார்கள். சிலர், "பொன்முடி போகணும் அண்ணா, வருவீங்களா?" என்று கேட்பார்கள்.

பொன்முடி ஒரு மலை. தம்பானூரில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா, கல்லார் வழியாகப் போக வேண்டும். கல்லாரைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். மலையின் உயரம் சுமார் 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி சூடு குறையும். தம்பானூரில் வியர்க்கும். மேலே போனால் பனிமூட்டம், சாரல் மழை, குளிர்.

அந்த வளைவுகளில் ஒரு தொல்லை வரும். காரின் முன் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்ளும். வைப்பர் ஓடும். ஆனாலும் கண்ணாடி தெளியாது. ஓட்டுநர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். மறு கையில் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்த இடம் ஒரு நிமிடத்தில் மறுபடி மூடிவிடும். எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தால் என்ன ஆகும்?

இதற்கு வழி அந்தக் காரிலேயே இருக்கிறது. அதுதான் ஹீட்டர். "நம்ம ஊரே அடுப்பு மாதிரி காயுது. காருக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் பக்கத்து ஓட்டுநர்கள் பலர் அந்தப் பிடியைத் தொட்டதே இல்லை. வாங்கிய நாளில் இருந்து அது நீலப் பக்கத்திலேயே நிற்கும்.

ஆனால் ஹீட்டர் உடம்புக்குக் கதகதப்பு தர மட்டும் இல்லை. கண்ணாடியைத் தெளிய வைக்கும். மலையில் எஞ்சின் கொதிக்கும்போதும் உதவும். அமெரிக்காவில் கார் கண்ணாடியின் ஈரத்தை நீக்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஹீட்டர் என்றதும் கரண்டில் எரியும் கம்பிச் சுருள் என்று நினைக்கிறோம். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் அப்படித்தான். பழைய பெட்ரோல், டீசல் கார்களில் அப்படி இல்லை.

எஞ்சினில் பெட்ரோல் எரிகிறது. அதில் வரும் சக்தியில் பாதிக்கும் மேல் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. சூடாகவே வீணாகிறது. கொஞ்சம் சைலன்ஸர் வழியாகப் போகிறது. கொஞ்சம் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரை ஒரு பம்பு சுற்றவைக்கிறது. சூடான தண்ணீர் முன்னால் உள்ள ரேடியேட்டருக்கு வரும். அங்கே காற்றுப் பட்டு ஆறும். மறுபடி எஞ்சினுக்குப் போகும்.

இது எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. காருக்குள்ளே, டேஷ்போர்டுக்கு அடியில், இன்னொரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. ஒரு தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். மெக்கானிக்குகள் இதை ஹீட்டர் காயில் என்பார்கள். எஞ்சினில் இருந்து இரண்டு ரப்பர் ஹோஸ்கள் அதற்குப் போகும். ஒன்றில் சூடான தண்ணீர் உள்ளே போகும். மற்றதில் திரும்பி வரும். அதன் மேல் ஒரு விசிறி காற்றை ஊதும். காற்று சூடாகிக் காருக்குள் வரும்.

வீணாகப் போகிற சூட்டைத்தான் ஹீட்டர் எடுத்துக் கொடுக்கிறது. அதனால் ஹீட்டருக்கு என்று தனியாகப் பெட்ரோல் செலவு கிடையாது. விசிறி ஓடக் கொஞ்சம் பேட்டரி கரண்டு வேண்டும், அவ்வளவுதான். ஏ.சி. அப்படி இல்லை. அது எஞ்சினின் பலத்தை எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

இதில் இருந்து இன்னொன்றும் புரியும். காலையில் வண்டியை எடுத்தவுடன் ஹீட்டர் போட்டால் சூடு வராது. ஏனென்றால் தண்ணீர் இன்னும் காயவில்லை. மீட்டரில் முள் மேலே ஏற வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் ஓட வேண்டும். அதன் பிறகுதான் சூடான காற்று வரும்.

படங்களைப் படிப்போம்

டேஷ்போர்டின் நடுவில் சில பிடிகள் இருக்கும். பழைய மாருதி போன்ற கார்களில் இவை நகர்த்தும் லீவர்கள். பிறகு வந்த கார்களில் திருகும் குமிழ்கள். எழுத்து அதிகம் இருக்காது. படங்கள்தான் இருக்கும். ஜப்பானில் செய்த காரானாலும் ஹரியானாவில் செய்த காரானாலும் படங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த மொழிக்காரரும் படிக்கலாம் என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஒரு பிடியின் ஒரு முனையில் நீலம், மறு முனையில் சிவப்பு இருக்கும். இதுதான் சூட்டின் பிடி. இங்கே பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. நீலம் என்றால் ஏ.சி. என்று நினைக்கிறார்கள். நீலம் என்றால் சூடு சேர்க்காத காற்று என்றுதான் பொருள். வெளியே 34 டிகிரி என்றால், நீலப் பக்கம் வைத்தாலும் 34 டிகிரிக் காற்றுதான் வரும். குளிர வேண்டுமானால் ஏ.சி. பொத்தானைத் தனியே அழுத்த வேண்டும். ஏ.சி. ஓடும்போது இந்தப் பிடி சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தால் குளிரும் சூடும் கலந்துவிடும். "ஏ.சி. சரியில்லை" என்று வொர்க்ஷாப்புக்கு வரும் வண்டிகளில் சிலவற்றில் கோளாறு இவ்வளவுதான்.

இன்னொரு பிடியில் உட்கார்ந்த மனிதர் படம் இருக்கும். முகத்தை நோக்கி அம்பு என்றால் காற்று முகத்துக்கு வரும். காலை நோக்கி அம்பு என்றால் காலுக்கு வரும். கண்ணாடி போல வளைந்த ஒரு கட்டமும், அதில் மேலே நெளிந்து போகும் அம்புகளும் இருந்தால் காற்று முன் கண்ணாடிக்குப் போகும். இந்தப் படத்தை மனதில் நன்றாகப் பதிய வையுங்கள். நீள்சதுரக் கட்டத்தில் இதே நெளிந்த அம்புகள் இருந்தால் அது பின் கண்ணாடிக்கு உரியது. அது வேறு. பின் கண்ணாடியில் மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். அவை கரண்டில் சூடாகும்.

அடுத்தது ஒரு காரின் படம். வெளியில் இருந்து அம்பு உள்ளே வந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். அம்பு காருக்குள்ளேயே வளைந்து சுற்றினால் உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். புகையும் தூசியும் உள்ள சாலையில் உள்காற்று நல்லது. ஏ.சி. சீக்கிரம் குளிரவும் அது நல்லது.

கடைசியில் விசிறி. 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். எண் கூடினால் காற்று கூடும்.

இரண்டு வகை மூட்டம்

இப்போது பொன்முடி வளைவுக்குத் திரும்புவோம். கண்ணாடி ஏன் மூடுகிறது?

ஐஸ் தண்ணீர் உள்ள டம்ளரை மேசையில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். டம்ளர் ஒழுகவில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கிறது. குளிர்ந்த பொருளைத் தொட்டதும் அது நீராகிறது.

காரிலும் இதேதான். மலையில் வெளியே குளிர். அதனால் கண்ணாடி குளிர்ந்திருக்கும். உள்ளே ஐந்து பேர் மூச்சு விடுகிறார்கள். மூச்சில் ஈரம் உண்டு. நனைந்த சட்டை, நனைந்த குடை, ஈரக்கால் எல்லாம் ஈரத்தைக் கூட்டும். தம்பானூரில் இடவப்பாதி மழையில் காரில் ஏறியவர்களைக் கேளுங்கள். அங்கே பலத்த மழை பெய்தால் சாலையில் தண்ணீர் தேங்குவது வழக்கம். அதைத் தடுக்க 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று ஒரு பெரிய வேலையே நடந்தது. முழங்கால் ஈரத்தோடு நான்கு பேர் ஏறினால் அத்தனை ஈரமும் காருக்குள் இருக்கும். அது குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் போய் ஒட்டும். வைப்பர் ஓடுவது வெளிப்பக்கம். அது எப்படித் துடைக்கும்?

உள்பக்க மூட்டத்துக்குச் செய்ய வேண்டியது இது. காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிக்காற்றுப் பக்கம் வையுங்கள். சூட்டுப் பிடியைச் சிவப்பை நோக்கித் தள்ளுங்கள். விசிறியைக் கூட்டுங்கள். ஏ.சி. இருந்தால் அதையும் போடுங்கள். சூடும் ஏ.சி.யும் ஒன்றாகவா? ஆமாம். ஏ.சி. காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து எடுக்கும். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் அந்த ஈரம்தான். ஈரம் போன காற்றை ஹீட்டர் சூடாக்கும். காய்ந்த சூடான காற்று கண்ணாடியில் பட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வழி தெரியும். கண்ணாடி தெளியும் வரை ஓரமாக நிறுத்திக்கொள்வது நல்லது.

உள்காற்றே சுற்றும்படி வைத்திருந்தால் இது பலிக்காது. எல்லார் மூச்சும் உள்ளேயே சுற்றும். நம் ஓட்டுநர்கள் ஏ.சி.க்காக அதை அப்படியே வைத்துவிடுகிறார்கள். மலை ஏறும்போது அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். தொல்லையில் பாதி இதனால்தான்.

இன்னொரு மூட்டமும் உண்டு. மழைக்காலத்து இரவு. இடம் மலை அல்ல, தம்பானூர்தான். வெளியே புழுக்கம். உள்ளே ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கண்ணாடியில் படுகிறது. இப்போது கண்ணாடி அந்த ஐஸ் டம்ளர் மாதிரி. வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டும். இதற்கு மருந்து வேறு. வைப்பரைப் போட வேண்டும். குளிர்ந்த காற்றைக் கண்ணாடியில் இருந்து திருப்பி முகத்துக்கோ காலுக்கோ விட வேண்டும். ஏ.சி.யைக் குறைக்க வேண்டும்.

எது எந்த மூட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிவாக விழுந்தால் மூட்டம் உள்ளே. விழாவிட்டால் வெளியே.

மலையில் முள் ஏறினால்

பழைய காரில் ஐந்து பேர், மேலே சாமான், ஏ.சி. வேறு. முதல் கியரில் மலை ஏறுகிறது. மீட்டரில் முள் சூட்டுப் பக்கம் ஏறுகிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஜன்னல்களைத் திறங்கள். பிறகு சூட்டுப் பிடியை முழுச் சிவப்புக்குத் தள்ளுங்கள். விசிறியை முழுதாகப் போடுங்கள். பயணிகள் திட்டுவார்கள். காரணத்தைச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ரேடியேட்டரும் இப்போது எஞ்சினை ஆற்றும் வேலையில் சேர்ந்துவிட்டது. எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்து ஜன்னல் வழியாக வெளியே போகிறது. பல நேரங்களில் முள் மெல்ல இறங்கும். நல்ல இடம் பார்த்து நிறுத்தும் வரை இது கைகொடுக்கும். இது கோளாறுக்கு வைத்தியம் அல்ல. கோளாறை வொர்க்ஷாப்பில்தான் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் ஹீட்டர் இன்னொரு செய்தியும் சொல்லும். முள் மேலே இருக்கிறது. ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. இதற்கு என்ன பொருள்? தண்ணீர் குறைந்துவிட்டது. சின்ன ரேடியேட்டருக்கு வந்து சேரத் தண்ணீர் இல்லை. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இனி ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் எஞ்சின் கெட்டுப்போகலாம். ஆவி பறந்தாலும் இதேதான்.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வீட்டில் பிரஷர் குக்கரை அடுப்பில் வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பீர்களா? ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். மலை மேல் அதைவிடக் குறைவிலேயே கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். எஞ்சின் தண்ணீரோ சாதாரணமாகவே 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் இறுக்கமான மூடி போட்டு அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள். அழுத்தம் இருக்கும்போது 100 டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் கொதிக்காது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். ஹோஸைத் தொட்டால் கை சுடக் கூடாது. பிறகு மூடி மேல் தடித்த துணியைப் போட்டு, மெதுவாகத் திருகுங்கள்.

காருக்குள் தூங்கலாமா?

ஓட்டுநர்கள் இரவில் காரிலேயே தூங்குவார்கள். மலையில் குளிர். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கலாம் என்று தோன்றும். கீழே புழுக்கத்தில் ஏ.சி. போட்டுத் தூங்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலை வலிக்கும், மயக்கம் வரும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. கேரளத்தில் வடகரையில் 2024 டிசம்பரில் சாலை ஓரம் நின்ற ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் வாயு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று ஆய்வு செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

நாம் பார்த்த தண்ணீர் ஹீட்டர் இந்த வாயுவை உண்டாக்குவதில்லை. சைலன்ஸர் குழாயில் ஓட்டை இருந்தால், அல்லது மூடிய ஷெட்டுக்குள் வண்டி நின்றால், புகை உள்ளே வரும். விசிறி அதை இழுத்துக் கொடுக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற கார்களில் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரே கிடையாது. சூடான புகைக் குழாயைச் சுற்றி வரும் காற்றைத்தான் உள்ளே விடுவார்கள். அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எஞ்சினை அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, போர்வை போர்த்தித் தூங்குங்கள்.

பழைய கார் வாங்கும்போது

மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. இன்றும் பழைய வண்டிகள் கைமாறுகின்றன. அம்பாசடரில் பல வண்டிகளுக்கு ஹீட்டரே கிடையாது. மாருதியில் உண்டு. ஆனால் நம் பக்கத்து மெக்கானிக்குகள் ஒரு வேலை செய்வார்கள். ஹீட்டர் காயில் ஒழுகினால் அதை மாற்ற டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். கூலி அதிகம். அதனால் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடுவார்கள். ஒழுகல் நிற்கும். ஹீட்டரும் நிற்கும். தம்பானூருக்கும் கோவளத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இது போதும். பொன்முடி, மூணாறு, கொடைக்கானல் போகிற வண்டிக்கு இதை விடக் கூடாது.

காயில் ஒழுகுவதை முன்பே கண்டுபிடிக்கலாம். முன் சீட்டின் காலடியில், டேஷ்போர்டுக்குக் கீழே, விரிப்பு நனைந்திருக்கும். கூலண்டின் இனிப்பு வாசனை வரும். கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியது போல ஒரு படலம் வரும். ரேடியேட்டரில் தண்ணீர் தானாகக் குறையும். இந்தக் கூலண்டு விஷம். இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் நாயும் நக்கிவிடலாம். கீழே சிந்தினால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

விலை பேசும் முன்பு வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முள் நடுவுக்கு வரட்டும். பிடியைச் சிவப்புக்குத் தள்ளுங்கள். சூடான காற்று வருகிறதா? நீலத்துக்குத் தள்ளுங்கள். சூடு நிற்கிறதா? நிற்காவிட்டால் தண்ணீர்க் குழாயின் வால்வோ, அதை இழுக்கும் கேபிளோ சிக்கியிருக்கும். அந்த வண்டியில் கோடையில் உட்கார முடியாது. கேபிள் என்றால் சில்லறைச் செலவுதான்.

சூடு வரவே இல்லை என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு பானெட்டைத் தூக்குங்கள். பிடி சிவப்பிலேயே இருக்கட்டும். உள்ளே போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது. விசிறியிலோ, காற்றைத் திருப்பும் தகட்டிலோதான் குறை இருக்கும். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் காயில் அடைத்திருக்கும், அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டும் குளிர்ந்திருந்தால் தண்ணீரைப் பாருங்கள், தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் பலவற்றில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருப்பார்கள். உள்ளே போகும் ஹோஸே இல்லை, எஞ்சின் பக்கமே வளைத்துக் கட்டியிருக்கிறது என்றால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.